ஜோடிச் சீட்டில் நித்யா கேட்டது

என் அருமைச் சண்டைக்கார மதினிக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. போன வாரம்தான் உங்கள் திதி. அண்ணன் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து, ஒரு டம்ளர் பால் விடாத கட்டன் சாயா குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பேச வேண்டியதெல்லாம் என்னிடம்தான் கிடக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள். பாதியிலேயே திட்டுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு.

அண்ணனுக்கு இந்தப் பங்குனியோடு எஸ்டேட் வேலை முடிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிவாசல் என்கிற எங்கள் மலையூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை இருக்கிறவரைக்கும்தான் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. வேலை முடிந்தால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளில் ஒன்று பேரைப் பதிந்துகொண்டு கொழுந்து எடுக்க இறங்கினால் வீடு அந்தக் குடும்பத்திடமே நிற்கும். நம் வீட்டில் இருப்பதோ ஒரே பிள்ளை. உங்கள் மகள் நித்யா தேனியில் நர்சிங் முடித்துவிட்டு, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு வரச் சொன்ன கடிதத்தோடு வந்து நின்றாள். வீடா, மதுரையா? இரண்டில் ஒன்றுதான்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? பிள்ளை பேரைப் பதிஞ்சு விடச் சொல்லுங்க, வீடு நின்னுரும்" என்று என் டீக்கடைக்கு வந்த லயத்துக்காரர்கள் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நித்யாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

இப்போது உங்கள் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு அந்த ஜோடிச் சீட்டை நான்தான் வைத்திருக்கிறேன். என் டீக்கடையில், பாய்லருக்கும் சோளம் சுடுகிற அடுப்புக்கும் நடுவில், நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்த இடத்தில்தான் நானும் உட்காருகிறேன். நீங்கள் தோட்ட வேலை போக மிச்ச நேரத்தில் ஹோம்ஸ்டேயில் பாத்திரம் கழுவப் போனபோது அந்த வெள்ளைக்காரம்மா சொல்லிக் கொடுத்து விட்டுப் போனாரே, அதே எழுபத்தெட்டுச் சீட்டு. குறி சொல்கிற மற்ற டாரட் சீட்டுகளில் தனி ஆள் படமும் இருக்குமாம், நித்யா போனில் காட்டினாள். இதில் எதை எடுத்தாலும் இரண்டு பேர். சந்நியாசி படத்தில்கூட தூரத்து ஜன்னலில் ஒருத்தி நிற்கிறாள். ஹனிமூனுக்கு மலையேறி வருகிற பிள்ளைகளுக்கென்றே அச்சடித்த மாதிரி இருக்கிறது.

நீங்கள் இரண்டு சட்டம் வைத்திருந்தீர்கள். காதல், கல்யாணம் தவிர வேறு எதற்கும் இந்தச் சீட்டை எடுக்கக் கூடாது. கேட்க வந்தவர்கள் கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனதுக்குள் நினைத்துக்கொண்டுதான் உருவ வேண்டும். புதுப் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பையன் கேள்வியைச் சத்தமாகச் சொல்வான்? உங்களுக்கு அந்தச் சட்டம் நன்றாகவே ஓடியது.

முதல் சட்டத்தைப் போன ஆடி மழையில் நான் உடைத்துவிட்டேன். அந்த மழைக்கு எந்த ஜோடி மலை ஏறும்? கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது ஜீப் ஓட்டுகிற செல்லத்துரை வந்து உட்கார்ந்தான்.

"யக்கா, பழைய ஜீப் ஒண்ணு விலைக்கு வருது. எடுக்கலாமா வேண்டாமான்னு ஒரு சீட்டுப் போடு."

"இது புருசன் பொண்டாட்டி சீட்டுடா. ஜீப்புக்கெல்லாம் பாக்காது."

"பொண்டாட்டிகூட இருக்கிறதைவிட ஜீப்புலதான நான் ரொம்ப நேரம் இருக்கேன்? அதையே கட்டிக்கிட்டதா வச்சுக்க."

சிரித்துக்கொண்டே எடுத்தேன். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நிற்கிற ஜோடி வந்தது. "அடிக்கடி கோவிச்சுக்கிட்டு நின்னுரும்டா, வேண்டாம்" என்றேன். அவன் என் பேச்சைக் கேட்காமல் வாங்கினான். போடிமெட்டு ஏற்றத்தில் மாதம் இரண்டு தடவை நின்றுவிடுகிறதாம். ஏதோ நான்தான் சாபம் கொடுத்த மாதிரி வந்து வந்து சொல்லிக் காட்டுகிறான்.

அன்றைக்கு எனக்கு வழி பிடிபட்டது, மதினி. படத்தில் இடது பக்கம் இருப்பது கேட்கிற ஆள். வலது பக்கம் இருப்பது, அவர் எதைப் பற்றிக் கேட்கிறாரோ அது. வேலையைப் பற்றிக் கேட்டால் வேலை. மூட்டு ஆபரேஷன் என்றால் அந்த மூட்டு. முகம் பார்த்து நிற்கிறார்களா, திரும்பிக்கொண்டார்களா, கை பிடித்திருக்கிறார்களா, விட்டுவிட்டார்களா? அவ்வளவுதான் பார்க்கிறேன். ராசாத்தி அக்கா கறவை மாடு வாங்கலாமா என்று கேட்டபோது, மாட்டை மாப்பிள்ளையாக வைத்து நான் சொன்னதில் அந்த அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து டீ புரையேறிவிட்டது. இப்படி வருகிறவர்களிடம் கேள்வியை முதலில் சொல்லச் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் வலது பக்கம் நிற்பது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கல்யாண வயதுப் பிள்ளைகள் வந்தால் மட்டும் உங்கள் பழைய சட்டம். அதுகள் வேறு எதைக் கேட்கப் போகிறது என்று நினைத்தேன்.

நான் சீட்டை நம்புகிறேனா என்று கேட்டால், தெரியாது. வருகிறவர்கள் ஒரு டீ நேரம் உட்கார்ந்து மனதில் உள்ளதைச் சொல்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நித்யா கடைக்கு வந்தாள். நீங்கள் போனதிலிருந்து சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள்.

"அத்தை, எனக்கு ஒண்ணு எடுக்கணும்."

நீங்கள் பழக்கிய மாதிரியே கண்ணை மூடி, மனதில் நினைத்துக்கொண்டு, ஒன்றை உருவினாள். படகுச் சீட்டு வந்தது. ஆண் துடுப்புப் போடுகிறான். பெண் முக்காடு போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். சீட்டுக்கெல்லாம் அர்த்தம் எழுதி வைத்த உங்கள் நோட்டில் அதற்கு நேராக, "சேந்து கெளம்பிருவாங்க. வீட்டுக்குத் தெரியாது" என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

"யாருடி அந்தப் பய?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "எந்தப் பய?"

"நடிக்காத. எந்த ஊர்க்காரன்? தேனியா?"

சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பதில் சொல்லாமல் போனதையே நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே கடையை மூடிவிட்டு லயத்துக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். என் வாய்க்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும், மதினி.

அண்ணன் கத்தவில்லை. நித்யாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டார். சர்ட்டிபிகேட்டுகளையும் மதுரைக் கடிதத்தையும் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய், அவள் பேரைப் பதிய அபேக்ஷை மனு எழுதிக் கொடுத்தார். முதலில் தற்காலிகமாக இறங்கச் சொன்னார்கள். அவளும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். பதினோரு நாள் போனாள். தினமும் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாளும் தலையைத் திருப்பவில்லை.

பன்னிரண்டாம் நாள் கொழுந்து வெட்டுகிற கத்திரி பட்டு விரல் கிழிந்து, ரத்தத்தோடு கடைக்குள் வந்தாள். நான் பதறிப்போய் மருந்துப் பெட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஒற்றைக் கையாலேயே கழுவி, துடைத்து, மருந்து வைத்துக் கட்டினாள். துணியின் முனையைப் பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள். எவ்வளவு சுத்தமான வேலை தெரியுமா?

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "யாருன்னு இப்பவாவது சொல்லு. நானே அப்பாகிட்டப் பேசி முடிச்சு வைக்கிறேன்" என்றேன்.

"ஐயோ அத்தை, யாருமே இல்ல!" என்று உடைந்துவிட்டாள். "நான் வீட்டைப் பத்திதான் கேட்டேன். மதுரைக்குப் போனா அம்மா இருந்த வீடு போயிரும். போகாட்டி நான் படிச்சது போயிரும். போகலாமான்னு கேட்டேன். படகு வந்துச்சு. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அதுக்குள்ள நீங்க எந்தப் பயன்னு கேட்டீக."

"அப்பவே வாயைத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"கேள்வியச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்குல்ல" என்றாள்.

செல்லத்துரையிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். ராசாத்தி அக்காவிடம் கேட்டேன். நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும், பெண் பிள்ளைதானே, ஒரு பயலை நானே பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அப்போதே அவளையும் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். அண்ணன் பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன். பிள்ளைக்கு அப்படி ஒண்ணும் கிடையாது."

கோடாரியைக் கீழே வைக்காமலே, "எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்பலருந்து?"

"ரெண்டாம் நாளே தெரியும். போன்ல ஒரு மண்ணும் இல்ல. நீ சொன்னது எனக்கு வசதியாப் போச்சு முத்து." அப்புறம் கோடாரியை வைத்துவிட்டு விறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ செத்த வீடு. அவ பூசுன செவுரு, அவ போட்ட அடுப்பு. சாவியை நான் எப்படிக் குடுப்பேன்?"

நீங்கள் இருந்தபோது உங்களை ஒரு நாள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன், மதினி. குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. உங்களை நினைத்து வீட்டைப் பிடித்து வைக்க உங்கள் மகளின் விரல்தானா கிடைத்தது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீட்டு வச்சிருக்கியா? ஒண்ணு எடு" என்றார். "அவ சீட்டுதான? வீட்டை வைக்கவா விடவான்னு அவகிட்டயே கேட்டிருவோம்."

சீட்டுப் பை என் இடுப்பில்தான் இருந்தது. கை அதன் மேல் போய்விட்டது. எடுத்திருந்தால் எந்தப் படம் வந்திருக்கும்? எது வந்தாலும் அதில் இரண்டு பேர்தான் இருந்திருப்பார்கள். ஒருவர் அண்ணன், மற்றவர் நீங்கள். நித்யா எந்தப் படத்திலும் இருந்திருக்க மாட்டாள்.

"எடுக்க மாட்டேன்" என்றேன். "பிள்ளை உள்ளதான இருக்கா? கூப்பிட்டுக் கேளு."

"என்னத்தக் கேக்க?"

"என்ன வேணும்னு கேளு."

அண்ணன் விறகை விட்டு எழுந்தார். "யம்மா நித்யா" என்று கூப்பிட்டார். கட்டுப் போட்ட விரலோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"நான் போறேன்ப்பா." யோசிக்கவே இல்லை, பட்டென்று சொன்னாள்.

அவ்வளவுதான். தகரப் பெட்டியைத் திறந்தார். அந்த வாரமே போடிமெட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். இப்போது வார்டில் இருக்கிறாள். மதுரை வெயில் தாங்க முடியவில்லையாம், ஹாஸ்டல் சாம்பாரில் சாம்பாரே இல்லையாம். குரல் நன்றாக இருக்கிறது.

சித்திரை முதல் வாரம் வீட்டைக் காலி செய்தோம். கழுவிப் பெருக்கிவிட்டுத்தான் வந்தேன், குறை சொல்லாதீர்கள். அண்ணன் என்னை வெளியே நிறுத்திவிட்டு, தனியாகப் போய் ஆபீசில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது கடைக்குப் பின்னால் என் அறையில் என்னோடுதான் இருக்கிறார். டம்ளர் கழுவுகிறேன் என்று வாரத்துக்கு ஒன்று உடைக்கிறார்.

சாவி கொடுத்த அன்று நடந்து வரும்போது சொன்னார்: "உன் மதினி பேரையும் இப்படித்தான் பதிஞ்சாக. அவ அம்மாவுக்கு வேலை முடிஞ்சப்ப. பதினெட்டு வயசு."

எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்குத்தான் அது காதில் விழுந்த மாதிரி இருந்தது. "அவுகளுக்கு அதுல இஷ்டம் இருந்துச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"நான் கேட்டதில்ல" என்றார்.

எங்கே போக நினைத்தீர்கள், மதினி? பதினெட்டு வயதில் உங்கள் மனதில் என்ன இருந்தது? எத்தனை ஜோடிக்குச் சீட்டு எடுத்தீர்கள், உங்களுக்கென்று ஒரு நாளாவது எடுத்தீர்களா? கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்ற சட்டம் அந்தப் பிள்ளைகளுக்காக வைத்ததா, உங்களுக்காகவா? என் பக்கத்தில் அத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தீர்கள். குழம்பில் உப்பு ஏறிவிட்டது என்று சண்டை போட்டேன், என் சேலையைக் கட்டிக்கொண்டு போனதற்குச் சண்டை போட்டேன். இதை நான் கேட்கவில்லை.

உங்கள் இரண்டாவது சட்டத்தையும் எடுத்துவிட்டேன், கோவித்துக்கொள்ளாதீர்கள். இனி யார் வந்து உட்கார்ந்தாலும், எந்த வயதாக இருந்தாலும், சீட்டைத் தொடுவதற்கு முன்னால், "உனக்கு என்ன வேணும்?" என்று வாய்விட்டுக் கேட்பேன். பதில் வருகிறவரைக்கும் காத்திருப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களிடம் கேட்காமல் விட்ட நாத்தனார்,
முத்துமாரி