மிச்சமிருந்த இரண்டு பாட்டு

இல்லத்து ஒளியாகிய பெரியநாயகிக்கு, ஈசன் அருளால் நலம் பெருகுக. முழங்கால் வலி தணிந்ததா?

இங்கே லடாக்கில், நான் ஓதுவாராக இருக்கும் மலைக்கோயிலில் பதிகம் பாடுகையில் சற்றே மூச்சு முட்டியது. அஞ்சற்க, இப்போது நலம். டாக்டராகிய நம் எழில்மதி உடனிருந்தாள்.

“காத்து வராத பக்கம் ரத்தம் போவாம நுரையீரல் மடைய அடைச்சிக்கும்பா. இங்க எங்கயுமே காத்து கம்மி. எல்லா மடையும் அடைச்சிக்கினா அழுத்தம் ஏறி நீர் கோத்துக்கும். கீழ எறங்குங்க!”

“ரெண்டு பாட்டு மிச்சம்மா.”

“சிவன் கீழயும் கேப்பாருப்பா!”

எதற்கும் பதிகத்தை நடுவில் நிறுத்தாத நான், மகள் சொல்லுக்கு நிறுத்தினேன். அடிவாரத்தில் பாடி முடித்தபோது அவள் கைகூப்பி நின்றாள். கண்கள் மட்டும் என் மூச்சையே பார்த்திருந்தன. நாம் பெற்ற பேறு அது.

நீ இடித்த சுக்குப்பொடி அனுப்பு. இங்கே கிடைப்பதில் உன் கைமணம் இல்லை. மாத்திரைக்கு அழைக்கிறாள், முடிக்கிறேன்.

மாயவன்