காட்டுக்கோழி கேட்டதை முதலில் கேட்டவன்

மச்சான்,

இன்று விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு இறக்காமத்து வயலுக்கு வந்தேன். மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை, வாய்க்காலுக்கு அப்பால் காட்டோரத்தில் சேவல் கூவியது. இப்போது உன் வயலைச் செய்கிறவன் அங்கிருந்தே சத்தம் போட்டான். அவனுக்கு நான் அண்ணன் முறைக் காக்கா, நீ ஹாஜியார்.

"காக்கா, கேக்குதா? ஹாஜியார்ர கோழி."

"அது காட்டுக்கோழி. ஹாஜியாருக்கு அதில என்ன பங்கு?" என்றேன். அவன் சிரித்தான்.

நீ மௌத்தாகி ஒரு போகம் போய்விட்டது. உன் கப்ருக் குழியை அல்லாஹ் விசாலமாக்கட்டும். அதற்கு மேல் இந்த மடலில் நல்ல வார்த்தை எதிர்பார்க்காதே.

நமக்கு மீசை அரும்பிய காலம் அது. முதல் நாள் முழுக்க மழை. விடிந்ததும் வயல் காவல் குடிலான வாடிக்குள் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தோம். பாலை மரத்தின் தாழ்ந்த கிளையில் சேவல் நின்று, சோக், சோ, சோயிக் என்று கூவியது. நான்தான் சொன்னேன்: "மச்சான், கேளு. 'சோக்கா இரிக்கா' எண்டு நம்மளச் சுகம் விசாரிக்குது." நீ சிரித்த சிரிப்பில் தேநீர் உன் சாரனில் கொட்டியது.

அன்று பின்னேரம் வாய்க்காலடித் தேநீர்க் கடையில் அதை எல்லாருக்கும் சொன்னாய். "நான் கேட்டன்" என்றாய். நான் உனக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். ஒருமுறை என் பக்கம் திரும்புவாய் என்று பார்த்தேன். திரும்பவில்லை. மறுநாளிலிருந்து கோழி கூவினால் வயல் முழுக்க "சோக்கு, சோக்கு" என்று பதில் சொன்னது. உன் கோழி ஆகிவிட்டது.

உனக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட எனக்கு அதன் சீவியமே தெரியும். சேவலின் சிவப்புக் கொண்டைக்கு நடுவில் மஞ்சள் உண்டு. ஊர்ச் சேவலுக்கு இல்லை. பகலெல்லாம் சருகைக் கிளறிக் கறையான் பொறுக்கும், பொழுது பட்டால் மரமேறும். ஆள் அரவம் கேட்டால் ஓடத்தான் பார்க்கும், பறப்பது கடைசியில். பேடு சருகின் நிறம், வேரடியில் அடைகாத்தால் காலடியில் இருந்தாலும் தெரியாது. பருந்து விட்டுப்போன கூட்டில் அது முட்டையிட்டதையும் நான் மரமேறிப் பார்த்திருக்கிறேன். எல்லைக்கு ஒரு சேவல். ஒன்று கூவினால் அடுத்தது சும்மா இருக்காது. இதையெல்லாம் அறிய ஆள் வந்தால் உன் வாடிக்குத்தான் வந்தார்கள்.

ஒருநாள் வரம்பில் வைத்து உன்னை மறித்தேன். "அது என்ட சொல்லு."

"கோழிட சொல்லு மச்சான். நமக்குள்ள என்னத்துக்கு வழக்கு?" என்றாய்.

அதுதான் கூடச் சுட்டது. அன்றிலிருந்து நான் அந்தக் கோழிக்கு வாய் திறந்ததில்லை. நீ வரம்பில் நின்று "சோக்கு" என்று இழுக்கும்போது நான் குனிந்து புல் பிடுங்கினேன்.

நீ படுக்கையில் விழுந்ததும் பாலமுனையில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் கையைப் பிடிக்க வந்தேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் அந்தச் சொல்லைத் திருப்பிக் கேட்க வந்தேன். அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அது ஒண்ட சொல்லுதான்" என்றாய். உன் மனைவி உள்ளே வந்தார். நீ மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாய்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு தந்தாய், அதையும் சாட்சியில்லாமல் தந்தாய். இனி நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

இன்று சேவல் திரும்பவும் கேட்டது. உன் வயல்காரன் "சோக்கு, சோக்கு" என்றான், உன்னைப் போலவே இழுத்து. வரம்பில் உட்கார்ந்தேன். சேவல் மூன்றாம் முறையும் கேட்டது.

"இல்ல, சோக்கா இல்ல," என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன காக்கா? ஹாஜியார் 'சோக்கு' எண்டுதானே சொல்லுவாரு?"

"கேள்வி என்ட. பதிலயும் நான்தான் சொல்லணும்."