கேட்டில் தொங்கும் பி.காம்.

12 ஜூன் 1974, புதன்

இன்று எனக்கு அறுபத்தாறு வயது, நான்கு மாதம், ஒன்பது நாள். அம்பத்தூரில் காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் அறைகிறது. அடிபம்பில் காற்று மட்டும். அதுவும் துரு வாடையோடு.

செய்ய வேண்டியவை: வடகத்துக்கு வெங்காயம் உரித்தல். மூக்குக்கண்ணாடியின் காம்பை ஒட்டுதல். கேட்டின் கீல் பற்றி முனுசாமியிடம் சொல்லுதல். மூன்றும் நடக்கவில்லை. நாள் முழுவதும் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்ததுதான் மிச்சம்.

காரணம் பக்கத்துப் போர்ஷன். தெரிந்த கதைதான், எழுதிப் பார்த்தால் எரிச்சலாவது ஒழுங்குக்கு வரும். முனுசாமியின் குடும்பம் நூம்பல் கிராமத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டது. இவர் இப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் தொழிற்சாலையில். மனைவி கன்னியம்மா. ஒரே மகள் கஸ்தூரி, பி.காம்., இரண்டாம் வகுப்பு. தேறி இரண்டு ஆண்டுகள். வேலை இல்லை.

தேறிய வாரமே முனுசாமி, லாரிகளுக்குப் பெயர் எழுதும் ஆளைப் பிடித்து ஒரு பலகை எழுதி வாங்கிவிட்டார். நீலப் பலகை, வெள்ளை எழுத்து: ‘எம். கஸ்தூரி, பி.காம்.’ பெயரைவிடப் பட்டம் பெரிது. தொங்குவது எங்கள் கேட்டில். அனுமதி கொடுத்தவர் என் கணவர். என்னை யாரும் கேட்கவில்லை. ஆயுத பூஜையன்று முனுசாமியின் சைக்கிளுக்குப் பொட்டு வைத்த கையோடு பலகைக்கும் பொட்டு, பூ.

இன்று கஸ்தூரி எம்ப்ளாய்மெண்ட் ஆபீசுக்குப் போய்ப் பதிவைப் புதுப்பித்துவிட்டு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்:

“இன்னாடி சொன்னாங்க?”

“இன்னா சொல்வாங்க? பி.காமா, அப்டி ஓரமா நில்லுன்னாங்க. நின்னேன். டைப்பிங் ஹையர் கீதான்னாங்க. லோயர்தான்னேன். இன்னும் கொஞ்சம் ஓரமா நில்லுன்னாங்க.”

14 ஜூன், வெள்ளி

மூடிய வானம். பெய்யாது, புழுக்குவதற்கென்றே மூடியிருக்கிறது.

என் கணவர் கஸ்தூரிக்காக மற்றுமொரு விண்ணப்பம் எழுதினார். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர்; இன்டர்மீடியட் இரண்டு முறை எழுதியவர். அவருடைய வேதம் சிறியது: பி.காம். என்றால் பாங்க், பாங்க் என்றால் பென்ஷன். ஆங்கிலத்தில் எழுதியதை வரி வரியாகப் படித்து, எனக்காகத் தமிழிலும் விளக்கினார். மூன்றாம் வரியில் ஒரு பிழை. நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன், ஆய்ந்து முடித்தேன்.

மாலை. பூந்தமல்லியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுத ஆள் வேண்டுமாம். கஸ்தூரி போயிருந்தாள். முதலாளி சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: “படிச்ச பொண்ணு கடைக்கு எதுக்கும்மா? எம் மருமவனே பி.காமுதான். மூணு வேளையும் எம் ஊட்லதான் துன்னுகினு கீறான்.”

கன்னியம்மா சிரித்தாள். கஸ்தூரியும் சிரித்தாள், ஆனால் அம்மா நிறுத்திய இடத்தில் அவளால் நிறுத்த முடியவில்லை.

பி.காமினால் இதுவரை விளைந்தவை: கறுப்பு அங்கி போட்டு ஒரு புகைப்படம். டீக்கடை பெஞ்சில் முனுசாமிக்கு உட்கார இடம். ‘படிப்பு ஜாஸ்தி’ என்று திரும்பிப் போன மாப்பிள்ளை வீட்டார், இரண்டு கோஷ்டி.

கண்ணாடிக் காம்பு இன்னும் ஒட்டவில்லை. நூல் சுற்றியிருக்கிறேன்.

17 ஜூன், திங்கள்

துணி உலர்த்தும் இடத்தில் கஸ்தூரி என்னை மடக்கினாள். தோழி மல்லிகா வேலை செய்யும் ரேடியோ உதிரிபாகக் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் லென்ஸ் வைத்து, கடுகளவு பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டும் வேலை. நிபந்தனை: எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும்; அதற்கு மேல் படித்திருக்கக் கூடாது.

கூடாது! இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை மட்டும் காட்டியிருக்கிறாள். கண் பார்த்தார்கள், கை நடுங்குகிறதா பார்த்தார்கள். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இனி ஒன்றே பாக்கி. கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, குடும்பம் எப்படி, பெண் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போவாராம். அவர் சரியென்றால்தான் ஆர்டர். வருகிற வழியில் கேட். கேட்டில் பலகை.

“பெரியம்மா, கேட்டு உங்களுது. நீங்க சொன்னா நைனா கழட்டிடுவாரு.”

“உங்க அப்பா, உன் பட்டம். நடுவுல நான் எதுக்கு?”

“பட்டம் எனுது. பலகை அவருது. அதான் ரோதனையே.”

துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வந்தபின் இருப்புக்கொள்ளவில்லை. மின்வெட்டினால் முனுசாமியின் மிஷின் பாதி நாள் ஓடுவதில்லை, கூலியும் பாதி. பக்கத்து அடுப்படியில் காலையில் பாத்திரம் உருளும் சத்தம் சில வாரங்களாக இல்லை. மாலையில் மட்டும் கேட்கிறது. நான் கேட்டுக்கொண்டிருப்பது கன்னியம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதானோ என்னவோ, சில காலைகளில் வெறும் குண்டானைத் தட்டுகிறாள்.

18 ஜூன், செவ்வாய்

காற்று, புழுதி. அவர்கள் பக்கம் அதைவிட.

“பி.காம் படிச்சிட்டு ஒயர் முறுக்கப் போறியா? அதுக்கா உன்னிய காலேஜுக்கு அனுப்பிச்சேன்?”

“சும்மா குந்திகினு கீறதுக்கா அனுப்பிச்ச?”

“பேங்க் வரும். ஐயா எழுதிப் போட்டுக்கீறாரு.”

“ஐயா ரெண்டு வருசமா எழுதுறாரு. பேங்க்குக்கு இன்னும் படிக்கத் தெரில.”

ஐயா என்பது என் கணவர். இதைக் கேட்டுப் பத்திரிகையை உயரமாகத் தூக்கிக்கொண்டார்.

“நைனா, அவங்க வந்து பலகையப் பாத்தா வேலை பூடும். இந்த வாரம் ஒரு வாரம் உள்ள வெச்சிக்கலாம் நைனா.”

“எங்கப்பனுக்குக் கைநாட்டு. எனக்கு நாலாவது. இந்தத் தெருவுல எம் பேரோட ஒரு நல்லது தொங்குதுன்னா அது ஒண்ணுதான். அதயும் அவுக்கச் சொல்றியா?”

பிறகு மூக்குச் சிந்தும் சத்தம். முனுசாமி அழுதிருக்கலாம். ஆண்கள் அழுதால் மூக்கை மட்டும் சிந்துவார்கள்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பது போல அலுப்பூட்டும் சண்டை வேறில்லை. தூக்கம் வராமல் படுத்திருந்தேன். அரிசியில் கல் பொறுக்கினோமா என்று எழுந்து போய்ப் பார்த்தேன், பொறுக்கியிருந்தேன்.

20 ஜூன், வியாழன்

பலகையின் இன்றைய வரலாறு. கா. 6: கஸ்தூரி ஆணியைக் கழற்றி, பலகையைக் கோணிக்குள் வைத்தாள். மா. 4: ஷிப்ட் முடிந்து வந்த முனுசாமி மீண்டும் மாட்டினார். இருட்டும் வேளையில் கன்னியம்மா கழற்றினாள். விளக்கேற்றியதும் முனுசாமி மாட்டினார், இம்முறை கூடுதலாக ஓர் ஆணி. ஒருவரோடொருவர் பேச்சில்லை. சுத்தியல் மட்டும் பேசுகிறது.

என் கணவரின் தீர்ப்பு: “பட்டத்தை மறைக்கிறது அக்கிரமம். சரஸ்வதியை மறைக்கிற மாதிரி.”

“சரஸ்வதிக்குச் சம்பளம் யார் கொடுக்கிறா?” என்றேன்.

“உனக்கு இதெல்லாம் புரியாது. படிப்போட அருமை படிச்சவனுக்குத்தான் தெரியும்.”

ரசத்துக்கு உப்புப் போட்டேனா என்பது மறந்துவிட்டது. இன்னொரு முறை போட்டேன். குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தின் அருமை தெரியாது போலும்.

22 ஜூன், சனி

விடியலில் தூறல். பிறகு விட்டது. கம்பெனி ஆள் வந்தார்.

முனுசாமி வேலைக்குப் போயிருந்தார். பலகை தன் இடத்தில், மூன்று ஆணியோடு. தெருமுனையில் சைக்கிளிலிருந்து இறங்கி ஒருவர் கதவிலக்கம் விசாரிப்பதைக் கன்னியம்மா பார்த்துவிட்டாள். ஆணி பிடுங்க நேரமில்லை. அலசிக்கொண்டிருந்த புடவையை, பிழியக்கூடப் பிழியாமல், பலகைமேல் விரித்துப் போட்டாள்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. மரியாதை தெரிந்த மனிதர், அதுதான் வினையாயிற்று. புடவை நுனி சேற்றில் புரள்வதைக் கண்டு, “பொடவை அழுக்காவுதேம்மா” என்று தூக்கி ஒழுங்காகப் போடப் போனார். பலகை தெரிந்தது. உரக்கப் படித்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“இதுல எஸ்.எஸ்.எல்.சி.ன்னு போட்டிருக்கே?”

“அது வேற கஸ்தூரிங்க” என்றாள் கன்னியம்மா.

“அவங்க எங்க?”

“செத்துப் பூட்டாங்க.”

கஸ்தூரி சரியாக அப்போது வெளியே வந்தாள். “யம்மா, என்னிய ஏம்மா சாவடிக்கிற?” பிறகு அவரிடம், “பி.காமு நான்தான் சார். மறைச்சது தப்புதான். வேலை வோணும், அதான்.”

அந்த மனிதர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். ஆனால் தாளை மடித்துவிட்டார். “எனக்கொண்ணும் இல்லம்மா, கம்பெனி ரூலு. படிச்ச பொண்ணுங்க நிலைக்கிறதில்ல. நாங்க கத்துக்குடுத்துக் கை பழகறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கிட்டுப் போயிடறாங்க. எதுக்கெடுத்தாலும் கேள்வி வேற.” சைக்கிளைத் திருப்பினார்.

கன்னியம்மா அந்த ஈரப் புடவையின் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். கஸ்தூரி அழவில்லை. பார்ப்பதற்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

உள்ளே சாய்வு நாற்காலியிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்: “அவர் சொல்றதும் வாஸ்தவம்தான். படிச்ச பொம்பளை ஒரு இடத்துல அடங்கி இருக்க மாட்டா.”

நான் போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் பாதி வெளியே, பாதி உள்ளே.

“தம்பி, ஒரு நிமிஷம். என்னைப் பார்த்தா எவ்வளவு படிச்சவளா தெரியுது?”

சங்கடப்பட்டார். “அஞ்சாவது இருக்குங்களாம்மா?”

“பி.ஏ. பொருளாதாரம். முதல் வகுப்பு. மெட்ராஸ்ல அத்தை வீட்டுல தங்கிப் படிச்சேன்.”

உள்ளே பத்திரிகைச் சத்தம் நின்றது.

“நாற்பத்து நாலு வருஷமா ஒரே எடத்துல வேலை பார்க்கறேன். லீவு போட்டதில்ல. யூனியன்ல சேர்ந்ததில்ல. வேற எடத்துக்கு விண்ணப்பம் எழுதினதில்ல. கேள்விகூட இந்த வாரம்தான் கேட்க ஆரம்பிச்சிருக்கேன். படிச்சவ நிலைக்க மாட்டான்னு உங்க கம்பெனிக்கு யார் சொன்னது?”

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வாசற்படியில் வந்து நின்றவரையும் பார்த்தார். வெகுநேரம் தாளை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“நேத்திக்கு மேஸ்திரி சொன்னாரு, கொஞ்சங்கூடக் கை நடுங்காத பொண்ணுன்னு. நீதானா அது?”

“நான்தான் சார்.”

“திங்கக்கெழம எட்டு மணிக்கு வா. நான் எஸ்.எஸ்.எல்.சி.ன்னுதான் எழுதப் போறேன். உள்ள வந்து எவகிட்டயும் பி.காமுன்னு வாய் தொறக்காத. பெருமைக்கு ஒரு வார்த்தை சொன்ன, எனக்கும் சீட்டுக் கிழிஞ்சிடும்.”

போய்விட்டார். கன்னியம்மா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். முனுசாமி வந்ததும் என்ன நடக்கும் என்பது அவர்கள் கவலை.

என் கணவர் சாப்பிட உட்கார்ந்தார். மோர் ஊற்றும்போது கேட்டார்.

“அது அந்த ஆளுக்காகச் சொன்னதுதானே?”

“இல்லை.”

“என்கிட்ட எஸ்.எஸ்.எல்.சி.ன்னுதானே உங்க அப்பா சொன்னார்?”

“அதுக்கு மேல படிச்ச பொண்ணு வேண்டாம்னு உங்க அம்மா சொல்லி அனுப்பியிருந்தாங்க. அப்போ எனக்கும் வேற வேலை கிடைக்கலை.”