மைனி எடுத்துவைத்த சாம்பல் மீன்

என் செல்ல மைனிக்கு,

கருப்பு வந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் மீன்தான். கோய் வண்ணமீன் குஞ்சுகளுக்கு மூன்று மாதமானதும் தரம் பிரித்தோமே, அன்று நான் கழித்துப் போட்டதை நீங்கள் திரும்ப எடுத்தீர்கள். நான் எடுத்தது ஓர் அழகி. சிவப்பும் வெள்ளையும் வெட்டி ஒட்டியதுபோல. உங்களுடையது கரித்துணி.

"ஏட்டி, நெறத்தப் பாக்காத. தோள் அகலத்தப் பாரு. தோலுக்கு அடியில நீலமா நிழல் ஓடுது, தெரியுதா? அது கருப்பு. பைய மேல வரும்."

"அது அழுக்கு மைனி. தேய்ச்சுக் குளிப்பாட்டுங்க."

"உப்புத் தண்ணி காட்டு. வருதா இல்லையான்னு பாரு."

எவ்வளவு சிரித்தேன். உடன்குடியில் பிறந்த உங்களுக்கு எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர்தான் மருந்து. தாமிரபரணி குழாயில் வரும் வீட்டில், உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரை யார் தொட்டியில் விடுவார்கள்?

நீங்கள் கண்மூடி எட்டு மாதம். மீன் சாம்பலாகவே கிடந்தது. போன மாதம் அண்ணன் சொன்னான்: "கழிச்சத எடுக்கக் கடைக்காரர் வாராரு. அதையும் குடுத்திருவோம்ட்டி. பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கு."

நீங்கள் கடைசியாகத் தேர்ந்தது அது. அது தப்பு என்று ஆகிவிடக் கூடாது. அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது?

அந்த வாரமே தெருக்குழாய் உடைந்தது. வேறு வழியில்லை. போர் தண்ணீரை ஒரு நாள் ஆறவிட்டு ஊற்றினேன். இரண்டாம் வாரம் முதுகில் மிளகளவு புள்ளி. அழுக்கு என்று நினைத்தேன். அன்று சொன்னதுபோலவே. மூன்றாம் வாரம் கட்டைவிரல் அகலம், மை கொட்டியதுபோல. யாரிடமும் சொல்லவில்லை. கடைக்காரரே பார்த்துச் சொல்லட்டும் என்றிருந்தேன்.

இன்று காலை கடைக்காரர் வந்தார். வலையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"தங்கச்சி, இத எதுக்குக் கழிச்சதுல வச்சிருக்கீங்க? யாரு எடுத்துவச்சது இது?"

நான் வாயைத் திறக்கும் முன் அண்ணன் சொன்னான்: "எம் பொண்டாட்டி, அண்ணாச்சி."

எட்டு மாதத்தில் உங்களைப் பற்றி அவன் பேசிய முதல் வார்த்தை. பிறகு நிறுத்தவேயில்லை. கடைக்காரரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, நீங்கள் மீன் பார்க்கும் விதத்தை எல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல விளக்கினான். தோள் அகலம் உட்பட.

என் அழகியா? பறங்கிக்காய் நிறத்துக்கு வெளுத்துவிட்டாள். கடைக்காரர் அவளைத்தான் கொண்டுபோனார்.

மூன்று மாதக் குஞ்சில் உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது மைனி? கல்யாணமாகி வந்த அன்று என்னையும் அப்படித்தான் பார்த்தீர்களா? என்ன தெரிந்தது?

குழாய் சரியாகிவிட்டது. ஆனாலும் அந்தத் தொட்டிக்குப் போர் தண்ணீர்தான். அடுத்த குஞ்சுகளைப் பிரிக்கும்போது, உங்கள் பங்குக்கு, பார்க்கவே சகிக்காத ஒன்றை எடுத்துவைப்பேன். இனி உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். சத்தியம்.

தோற்றுப்போன
உங்கள் நாத்தனார்