மேட்டடி வளைவில் உன் கல்

என் கூடப்பிறந்த அண்ணே,

நேற்று உனக்குக் கல் நட்டார்கள். மேட்டடி வளைவில்தான். மஞ்சள் பூசி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி எல்லாம் முறையாக நடந்தது. நீ உயிரோடு பார்த்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே போயிருப்பாய். கோயிலுக்கு வா என்றால் பல் வலிக்கிறது என்று சொல்கிற ஆளாயிற்றே. இப்போது நீயே சாமி. சிரிக்காதே, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் உன்னைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பாம்பு குறுக்கே வந்ததாம், கனவில் வந்து சொன்னாயாம். நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதுவது உனக்கு. படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் படிக்கட்டும்.

பட்டணத்து இன்ஜினியரிங் காலேஜில் நீ புரொபசர் என்பது ஊருக்குப் பெருமைதான். ஆனால் லீவுக்கு வந்தால் நீ பார்க்கிற வேலைதான் யாருக்கும் விளங்கவில்லை. அரிமளம் ரோட்டோரம் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, போகிற மாட்டுவண்டியையும் வருகிற பஸ்ஸையும் பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாய். "என்ன ஆத்தா, ஒங்கண்ணன் அம்புட்டுப் படிச்சது இதுக்குத்தானா? இத நாங்க படிக்காமலே பாப்பமே" என்று என்னைத்தான் பிடித்துக் கேலி செய்வார்கள்.

நானும் உன்னைக் கேட்டேன். "ரோடு போடுறது எப்படின்னு சொல்லிக் குடுக்க எங்க காலேஜுல நெறையாப் பேரு இருக்காங்க, வள்ளி. அதுல போற மனுசன் எங்க தூங்குறான், எங்க பயப்படுறான், எங்க துணிஞ்சு போறான்னு பாக்கத்தான் ஆளில்ல. சாகுறது மனுசந்தானே?" என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

அந்த வளைவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்மாய்க்கரையை ஒட்டி வருகிற ரோடு மேட்டின் அடியில் சட்டென்று திரும்பி, திரும்பின கையோடு மேலே ஏறும். திருப்பத்தின் உள்பக்கம் புளியமரங்கள். அவற்றின் நடுவில் எங்கள் காவல்சாமி கறுப்பரின் கல். அந்தப் பக்கம் வருவது இந்தப் பக்கம் தெரியாது. ஆனால் எந்த பஸ்ஸும் அங்கே நிற்காமல் போனதில்லை. கண்டக்டர் இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார், டிரைவர் கும்பிட்டுவிட்டு மெதுவாக எடுப்பார். உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸெல்லாம் கரி மூட்டி ஓட ஆரம்பித்த பிறகும் அப்படித்தான். ஒருமுறை நின்றுவிட்டால் கரி பஸ்ஸுக்கு மேடேற மூச்சு இருக்காது, ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளினார்கள். கறுப்பரிடம் யார் விளையாடுவது?

ஒரு மழைநாளில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகள் அந்த வளைவில் முட்டி, வண்டிக்காரர் ஒருவர் செத்துப்போனார். சமஸ்தானத்து அதிகாரிகள் உன்னிடம் யோசனை கேட்டார்கள். பார்வையை மறைக்கிற மரங்களை வெட்ட வேண்டும், கல்லை எடுத்து மடைப்பக்கம் வைக்க வேண்டும் என்றாய். ஊர் கொதித்தது. அப்போது கூட்டத்தில் எழுந்து நின்று உனக்காகப் பேசிய ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். "மச்சான் நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுவாக. சாமிய மொறையா எடுத்து வச்சா சாமி கோவிக்காது. நான் பொறுப்பு" என்றார். ஊர் இறங்கி வந்தது.

மரங்கள் போயின. ரோடு பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

பிறகுதான் பஸ்கள் பறக்க ஆரம்பித்தன. நிற்பதற்குச் சாமி இல்லை, மறைப்பதற்கு மரம் இல்லை, எதிரே மேடு. ஒரே மூச்சில் ஏறிவிட வேண்டும் என்று வளைவிலேயே வேகம் எடுத்தார்கள். ஒரு சந்தை நாளில் என் வீட்டுக்காரர் வண்டியில் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போனார். எல்லா வண்டிக்காரர்களையும் போல அவரும் தூங்கிக்கொண்டுதான் போனார். மாட்டுக்கு வழி தெரியும் என்பது நம் ஊர் நம்பிக்கை. மாட்டுக்கு வழி தெரிந்ததுதான், அது பாட்டுக்கு நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தது. "வண்டியப் பாத்தேன் ஆத்தா, ஒதுங்கிப் போயிறலாம்னு நெனச்சேன் ஆத்தா" என்று மோதின பஸ்ஸின் டிரைவர் என் காலடியில் விழுந்து அழுதான். வண்டியும் இல்லை, மாடும் இல்லை, அவரும் இல்லை.

நீ தந்தி கண்டு வந்தாய். நேரே வீட்டுக்கு வராமல் வளைவுக்குப் போய்விட்டுத்தான் வந்தாய் என்று சொன்னார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. வந்து என் முன்னால் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாய்.

"கறுப்பரு பார்வையத்தான் மறைச்சாருன்னு நெனச்சேன் வள்ளி. வேகத்தையும் அவருதான் புடிச்சு வச்சிருந்திருக்காரு. நான் ரோட்ட அளந்தேன், மரத்த அளந்தேன். கும்புடுற கையக் கணக்குல எடுக்காமப் போயிட்டேன்."

உன் முகத்தைப் பார்க்கவே அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. உன்னை மன்னித்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீ வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஏன் அண்ணே கேட்கவில்லை?

கறுப்பரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஊர்த்தலைவர் அம்பலகாரரிடம் கெஞ்சினாய். பழைய இடத்தில் வேண்டாம், திருப்பத்துக்கு முன்னால், வெளிப்பக்கம் கரையோரம் வைத்தால் போதும், தூரத்திலேயே கண்ணில் படும், எதையும் மறைக்காது என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினாய். "ஒக்கார வச்ச சாமிய ஒங்க இஷ்டத்துக்குத் தூக்கித் தூக்கி வைக்க அது என்ன அம்மிக்கல்லா?" என்று அவர் கேட்டதில் தப்பும் இல்லை. நீ அந்த இடத்தில் ஒரு முளைக்குச்சியை மட்டும் அடித்துவிட்டு வந்தாய்.

காலேஜுக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டு, சந்தை நாள்தோறும் வளைவில் போய் நின்றாய். சிவப்புத் துணி வேண்டும் என்று கேட்டாய். என் சிவப்புக் கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். இனி நான் உடுத்தப் போகிறதில்லையே. அதில் ஒரு முழம் கிழித்துக் கம்பில் கட்டிக்கொண்டு போனாய்.

துணியைப் பார்த்து டிரைவர்கள் திட்டிக்கொண்டே வேகத்தைக் குறைத்தார்கள். ஒருவனுக்கு மட்டும், குறைக்கப் பார்த்தும் பிரேக் பிடிக்கவில்லை. கறுப்பர் இருந்த அதே உள்பக்கத்தில் உன்னைக் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டது பஸ். ஆட்கள் வரும்போது கம்பு உன் கையில்தான் இருந்ததாம்.

அகாலத்தில் போனவரைக் கும்பிடாமல் விட்டால் ஆகாது என்று அம்பலகாரர் ஆட்களோடு என் வீட்டுக்கு வந்தார்.

"ரத்தம் சிந்துன எடத்துல ஒங்கண்ணனுக்குக் கல்லு ஊண்டப் போறோம் ஆத்தா. பொறந்தவ கைத்துணிதான் மொதல்ல சாத்தணும். நீ வந்து எடுத்துக் குடுக்கணும்."

"அந்த எடத்துல வேணாங்க. அங்கன வச்சா மறுபடி மறைக்கும். அண்ணன் குச்சி அடிச்ச எடத்துல வைங்க, குடுக்குறேன்."

"ரத்தம் விழுந்த எடந்தான் மொறை. அத மாத்த முடியாது."

"அப்ப கல்ல வச்சுக்கங்க. துணி வராது."

பெண்பிள்ளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது என்றார் கூட வந்த ஒருவர். "என் வீட்டு ஆம்பளைக ரெண்டு பேரும் அந்த வளைவுல கெடந்தாக. நான் எதுக்குங்க அடங்கணும்?" என்றேன். பிறந்தவள் துணி இல்லாமல் நட்ட கல் வெறும் கல்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். கடைசியில் அம்பலகாரர்தான் வழி கண்டுபிடித்தார். ரத்தம் விழுந்த மண்ணை ஒரு கூடை அள்ளிக்கொண்டுபோய், நீ அடித்த குச்சியைப் பிடுங்கி, அந்தக் குழியிலேயே கொட்டிக் கல்லை நட்டார்கள். கண்டாங்கியிலிருந்து இன்னொரு முழம் கிழித்து நானே சாத்தினேன். உச்சிவெயிலில் எட்டத்திலிருந்தே சிவப்பாகத் தெரிகிறது.

இன்று சந்தை. காலையிலேயே போய் நின்றேன். முதல் பஸ் வந்தது. உன் கல்லருகில் நின்றது, அண்ணே. கண்டக்டர் இறங்கி, "வாத்தியாரு சாமி, வழித்துணையா இரு" என்று கற்பூரம் கொளுத்தினார். அப்புறம் மேடேற முடியாமல் வண்டி இருமியது, ஆட்கள் இறங்கி முனகிக்கொண்டே தள்ளினார்கள். அந்த நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு மாட்டுவண்டி நடுரோட்டிலேயே இறங்கி வந்து, பஸ்ஸை ஒட்டி நிதானமாகக் கடந்து போனது. வண்டிக்காரர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழிக்கவே இல்லை. நான் கரையில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் போனபோதும் நீ போனபோதும் அழாத அழுகையை அழுதேன்.

வெயிலிலும் மழையிலும் துணி வெளுத்துப் போகும். வெளுத்தால் நான் அடுத்த முழம் கிழித்துக் கொண்டுவந்து சாத்துவேன். சேலை இன்னும் நீளமாக இருக்கிறது. அது தீருகிற வரைக்கும் நான் இருப்பேன், அண்ணே.

உன்னிடம் கோபம் தீராத,
உன் ஒரே தங்கச்சி
வள்ளிக்கண்ணு