இரண்டாம் பாகம்

நவம்பர், செவ்வாய் இரவு

எனக்கு அறளை பெயரவில்லை, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. றீற்றா அன்ரி படக்கதை பார்க்கிறாவாம், பிள்ளைக்குணம் வந்துவிட்டதாம் என்று தேவாலயத்தில் பூசைக்கு வருகிறவர்கள் என்னைப் பற்றிக் கதைக்கிறார்கள். நான் படிப்பது பெரியவர்களுக்கான சித்திர நாவல். நூலகத்தின் அந்தத் தட்டில் போர், காதல், கொலை விசாரணை எல்லாம் இருக்கின்றன.

நான் எடுத்ததில் ஒரு விதவை தன் கணவரின் சாவைத் துப்பறிகிறாள். வசனமே இல்லாத பக்கங்களில் அவருடைய சட்டைகளை மடிக்கிறாள். அங்கே நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அடுத்த நாள்தான் திரும்ப எடுத்தேன். முதலாம் பாகம் கதவு தட்டும் ஓசையோடு முடிகிறது. தட்டியது யாரென்று தெரியவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு நூலகத்தில் பதிந்துவிட்டுக் கோடையிலிருந்து காத்திருந்தேன். இன்று போய்க் கேட்டால் வரிசையில் என் பெயரே இல்லை. மருமகள் ஷாமினி கணினியில் நீக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன்.

"மாமி, நீங்கள் பொத்தானைப் பிழையா அமத்திப்போட்டியள் எண்டு நினைச்சன். உது சின்னப்பிள்ளையளின்ர படக்கதை எல்லே?"

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீரோ?"

"ஐயோ மாமி, உதுக்குப் போய்க் கோபமே? மேல உங்கட பேரனின்ர கொமிக்ஸ் கிடக்கு, எடுத்துப் பாருங்கோவன்."

மகன் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "திருப்பிப் பதியலாம் அம்மா" என்றான். பதியலாம், வரிசையின் கடைசியில். குளியலறைக்குக் கைப்பிடி பூட்டுவதாகவும் இதே வாயால்தான் சொன்னான். இன்னும் சுவரைப் பிடித்துத்தான் குளிக்கிறேன்.

ஆகவே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்:

"ஷாமினி, என் பெயரில் உள்ளதை இனி என்னைக் கேளாமல் நீக்குவீரா, மாட்டீரா? பதிலை எழுத்தில் தரவும்."