டேங்கின் மூச்சுக் குழாய்

அன்புள்ளவருக்கு,

நான் நலம். உங்கள் தங்கை குருவியும் நலம் என்று எழுத இன்னும் பத்து நாளாவது ஆகும். அவளுக்குப் பின்கழுத்திலும் தோளிலும் தோல் உரிந்திருக்கிறது. குப்புறத்தான் படுக்கிறாள். போனில் சொன்னால் நடுவில் புகுந்து சமாதானம் பேசியே என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ரேஸ் டிராக்கில், நீங்கள் கட்டிக் கொடுத்த காரில் பயிற்சி. பக்கத்து சீட்டில் ஆள் ஏற்றலாம் என்றார்கள். ஒரு வாரமாக நச்சரித்த குருவியை ஏற்றிக்கொண்டேன். மூன்றாவது சுற்றில், வளைவில் திரும்பும்போதெல்லாம் பெட்ரோல் வாடை அடித்தது. டேங்க் நிரம்ப ஊற்றியதால் இருக்கும் என்று நினைத்தேன். அப்போதே வண்டியை உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாவது சுற்றில் பின்சக்கரம் மண்ணில் இறங்கியது. வண்டி சுழன்று, குருவி பக்கம் கீழே இருக்கும்படி சாய்ந்து படுத்துவிட்டது. கூண்டுக் கம்பி தாங்கியது, பெல்ட்டும் தாங்கியது. அந்த வேலைகளில் உங்களை ஒரு குறையும் சொல்லமாட்டேன். நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். பெல்ட்டில் அவளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே குருவி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, என் கழுத்துல ஏதோ ஊத்துது."

பெட்ரோல். அவள் சீட்டுக்குப் பின்னால் திறந்து கிடந்த டேங்கின் மூச்சுக் குழாயிலிருந்து ஊற்றியது. தீயணைப்பு ஆட்கள் வந்து எங்களை இழுத்துப் போடும்வரை அவள் அதில் ஊறிக் கிடந்தாள்; தோல் வெந்தது அதில்தான். சைலன்சர் சூட்டில் பழுத்திருந்தது. ஒரு பொறி பட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதக்கூட ஆள் இருந்திருக்காது.

டிராக்கில் வண்டிகளைச் சோதிப்பவர் அந்தக் குழாயை வெளியே இழுத்து, "இந்த வேலையச் செஞ்சது யாரு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றுப் போக வேண்டும், சூட்டில் ஆவி வெளியே வர வேண்டும் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தானே? குழாய் டேங்குக்கு மேலே ஏறி வளைந்து, வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு வழியாகப் போய், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் வண்டிக்கு வெளியே முடிய வேண்டும் என்று படம் போட்டுக்கூடக் காட்டினீர்கள். கப்பல் வேலைக்குக் கிளம்பிய அன்று, வால்வு போட்டாச்சா என்று கேட்டேன். "எல்லாம் போட்டாச்சு. கண்ணை மூடிட்டு ஓட்டு" என்றீர்கள். சோதனைத் தாளிலும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

"அண்ணன் அவசரத்துல மறந்திருப்பான், திட்டாதீங்க" என்று படுத்தபடியே எனக்குச் சொல்கிறாள் உங்கள் தங்கை. நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். நேற்றுப் பட்டறையில் உங்கள் இழுப்பறையைத் திறந்தேன். பொட்டலம் பிரிக்காமல் அந்த வால்வு கிடந்தது. மேலே உங்கள் எழுத்து: 'திரும்பி வந்ததும் போடணும்.'

மறந்திருந்தால் மன்னித்திருப்பேன். நீங்கள் மறக்கவில்லை. தெரிந்தே எங்களை அதில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். 'இன்னும் முடியலை, ஓட்டாதே' என்று சொல்ல உங்களுக்கு என்ன கேடு? நான் முகம் சுளிப்பேன் என்றா? அத்தையிடம் வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறோம். உங்களைக் காப்பாற்ற இப்போது நானும் பொய் சொல்கிறேன். 

இன்று காலை நானே அந்த வால்வைப் போட்டேன். முதலில் வாயால் ஊதிப் பார்த்தேன். நிமிர்த்தினால் காற்று போகிறது, கவிழ்த்தால் நின்றுவிடுகிறது. புதுக் குழாயை வெளியே கொண்டுபோய்க் கட்டி முடிக்க ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. அவ்வளவுதான். ஒரு மணி இருபது நிமிடம்.

நீங்கள் இருப்பது எண்ணெய்க் கப்பல். சுற்றிலும் டேங்குகள். அங்கேயும் யாராவது உங்களிடம் 'முடிச்சாச்சா?' என்று கேட்பார்கள். நேற்றிலிருந்து எனக்கு அந்த நினைப்புத்தான். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். அவர்கள் திட்டட்டும், வேலையை விட்டே அனுப்பட்டும். முழுசாக வீடு வந்து சேருங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு நீங்கள் வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உங்கள் மனைவி